ஆடிய கேமைப் பற்றிக் குறிப்பு எழுதுவது எப்படி

ஒரு கேமை முடித்த அன்றிரவே அதைப் பற்றி எழுத உட்காராதீர்கள். இறுதி இசை ஒலிக்க, உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்த ஆட்டமும் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். ஒரு வாரம் கழித்து எழுதினாலோ, "நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் நினைவில் எதுவும் மிஞ்சாது. மறுநாள் காலையில் எழுதுவதே எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் காலையில் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதால், ஆடும் நாட்களில் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரே ஒரு வரியைக் குறித்து வைக்கும் பழக்கத்தை முதலில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். செல்பேசியில் குறிக்கலாம்; நான் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறிக்கிறேன்.

அந்த வரியில் கருத்து வேண்டாம். என்ன செய்தீர்கள், அப்போது மனத்தில் என்ன ஓடியது என்பது மட்டும் போதும். லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்' கேமை எடுத்துக்கொள்வோம். காணாமற்போனதாகக் கருதப்பட்ட ஒரு வணிகக் கப்பல் 1807-இல் ஆளில்லாமல் இங்கிலாந்துக் கரைக்குத் திரும்பி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராகிய நாம், அதில் சென்ற 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்பதைக் கண்டறிந்து ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். மூன்று பேரின் கதியைச் சரியாக எழுதினால்தான் கேம் அவற்றை உறுதி செய்யும். இதை ஆடியபோது நான் குறித்த வரி இது: "இரண்டு பேர் நிச்சயம், மூன்றாமவனுக்குக் குத்துமதிப்பாக ஒரு பெயரைப் போட்டேன், சரியாகிவிட்டது, வெட்கமாக இருந்தது." மறுநாள் எழுதிய முழுக் குறிப்பும் அந்த வெட்கத்திலிருந்துதான் வளர்ந்தது. குருட்டு ஊகத்தைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட அந்த விதி எவ்வளவு தூரம் காவல் காக்கிறது, எந்த இடத்தில் கண்ணயர்கிறது என்பதை அந்த ஒரு வரியே எனக்குக் காட்டிக்கொடுத்தது. இரண்டே நிறங்களில் வரையப்பட்ட அதன் ஓவியப் பாணியைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்; அதைத்தான் எல்லோரும் எழுதிவிட்டார்களே.

காட்சி, இசை, கதை, கன்ட்ரோல் என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதும் முறையை விட்டுவிடுங்கள். அது மதிப்பெண் பட்டியலாக இருக்குமே தவிர, ஒருவர் ஆடிய அனுபவமாக இராது. குறிப்பாக, "கன்ட்ரோல் துல்லியமாக இருக்கிறது" என்ற தொடரை எழுத நேரும்போதெல்லாம் கையை நிறுத்தி, அந்தத் துல்லியம் எதனால் வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 2018-இல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் ஒரு பெண்ணைப் பற்றிய தாவல் விளையாட்டு. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வைத்துவிட்ட பிறகும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு அது நம்மைத் தாவ அனுமதிக்கிறது. விரல் சற்றுத் தாமதித்ததை அது கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது. நாமோ அந்தத் தாவலை நம் திறமை என்றே நம்பிக்கொள்கிறோம். ஆகவே, துல்லியம் என்று நாம் புகழ்வது உண்மையில் இந்தப் பெருந்தன்மையைத்தான். இப்படி ஒரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால், படிப்பவருக்குப் பத்து அடைமொழிகள் தராத தெளிவு கிடைத்துவிடும்.

எவ்வளவு கடினமான நிலையில் ஆடினீர்கள் என்பதை மறைக்கக் கூடாது. செலஸ்டில் உதவி முறை ஒன்று உண்டு. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், பிடித்துத் தொங்கும் வலிமை தீராமல் வைத்துக்கொள்ளலாம், சாவே நேராதபடியும் செய்துகொள்ளலாம். நான் கடைசி மலையுச்சிப் பகுதியில் இரண்டு அறைகளுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். இதை எழுதினால் மானம் போய்விடும் என்று நினைப்பவர்கள், எழுதாமல் விட்டால் தங்கள் "சிரமமே இல்லை" என்ற வரியை நம்பிக் கேமை வாங்குபவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தூரம் ஆடினீர்கள் என்பதும் அதே அளவு முக்கியமானது. 'ஹேடீஸ்' (2020) கேமில் பாதாள உலகிலிருந்து தப்ப முயலும் இளவரசன் சாகச்சாக வீட்டுக்கே திரும்புகிறான். திரும்பும் ஒவ்வொரு முறையும் அங்கிருப்பவர்கள் அவனிடம் புதிதாக ஏதாவது பேசுகிறார்கள். மூன்றாவது மணி நேரத்தில் என் நோட்டில் "அதே அறைகள், அதே எதிரிகள், அலுப்பு" என்று இருக்கிறது. பத்தாவது மணி நேரத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, "தோற்றால்தான் கதை நகர்கிறது, தோற்பதற்கே அவசரப்படுகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். முதல் முறை தப்பித்துவிட்டாலும் கதை முடிவதில்லை என்பதால், அந்த இடத்தோடு நிறுத்தியவர் எழுதும் குறிப்பும் முழுமையாகாது. இரண்டு வரிகளையும் வெளியிடுங்கள், அடித்தது தெரியட்டும்.

கதையை எந்த அளவுக்குச் சொல்லலாம் என்ற கேள்விக்கு நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: முதல் அரை மணி நேரத்தில் ஆடுபவர் தானாகவே அறிந்துகொள்வதை மட்டும் சொல்லலாம். 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) கேமில் 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்பது அந்த எல்லைக்குள் வருகிறது. அதன் பிறகு கண்டுபிடிப்பது எதையும் சொல்லக் கூடாது, ஏனெனில் அந்த கேமில் ஆயுதமோ பலமோ சேர்வதில்லை. நாம் அறிந்துகொண்டது ஒன்றே நம்மை முன்னே நகர்த்துகிறது. அதைச் சொல்லிவிட்டால், நாம் அவர்களுக்காக ஆடி முடித்துவிட்டோம் என்றே பொருள்.

ஓய்வாக ஆடும் விவசாயக் கேம்களைப் பற்றி எழுதும்போது "நேரம் போனதே தெரியவில்லை" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் தெரியவில்லை? எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கிய 'ஸ்டார்ட்யூ வேலி'யில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய 14 நிமிடங்கள். கணினியில், படுத்து உறங்கினால்தான் ஆட்டம் சேவ் ஆகும். சேவ் ஆனதும் திரையில் விடிந்துவிடுகிறது, பயிர் ஒரு விரற்கடை வளர்ந்து நிற்கிறது. நிறுத்துவதற்கு நமக்குத் தரப்படும் இடமே ஒரு புதிய நாளின் காலைதான். எப்படி எழுந்து போவது?

கேமுக்கும் உங்களுக்கும் தனிப்பட்ட நெருக்கம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2023-இல் டொரான்டோவிலிருந்து வந்த 'வெண்பா', 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவிடமிருந்து வந்த, கிழிந்தும் அழிந்தும் போன சமையல் புத்தகத்தைக் கொண்டு, விடுபட்ட செய்முறையை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் போகும் என்பது உலகத்தின் மற்றப் பகுதிகளில் புதிராக இருக்கலாம். நம் வீட்டுச் சமையலறையில் நின்றவருக்கு அது விடை தெரிந்த கேள்வி. ஆயுள் முழுக்க இட்லி தின்றும் அடுப்படிப் பக்கம் போகாத நான் அதைத் தவறாக அடுக்கினேன் என்பதையும் என் குறிப்பில் எழுதினேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்ற குறையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் மகன் தாய்மொழியை விட்டு விலகும் வேகத்துக்கு அந்த நீளம் பொருந்துகிறது. ஆனால் இதைச் சொல்லும்போது நான் நடுநிலையாளன் அல்லன், அதையும் எழுதியாக வேண்டும்.

பாதியில் கைவிட்ட கேமைப் பற்றியும் எழுதலாம். எந்த இடத்தில், எதனால் விட்டீர்கள் என்பதைச் சொன்னால் போதும். அண்மையில், விருப்பம்போல் எங்கும் சுற்றித் திரியவிடும் ஒரு பெரிய திறந்தவெளி கேமை, வரைபடம் முழுவதும் செய்ய வேண்டிய வேலைகளைக் காட்டும் புள்ளிகள் முளைத்துவிட்ட ஆறாவது மணி நேரத்தில் மூடிவைத்தேன். அதைப் பற்றிய என் குறிப்பு இரண்டே வரிகள். ஒரு மாதத்தில் ஐந்து கேம்களை ஆடியிருந்தால் ஐந்துக்கும் சம அளவு இடம் ஒதுக்க வேண்டும் என்ற கடமை எவருக்கும் இல்லை.

குறிப்பின் தலையில் தேதி, ஆடிய கருவி, கேமின் பதிப்பு எண், ஆடிய நேரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். 2016 ஆகஸ்டில் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை'யில் இரண்டு பேர் சந்தித்துச் சேர்ந்து ஆட வழியில்லை. 2018-இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு அது கூடிவந்தது. இவ்விரு ஆண்டுகளில் தேதியிடாமல் எழுதப்பட்ட குறிப்புகளை இன்று படித்தால், இருவர் இரண்டு வெவ்வேறு கேம்களைப் பற்றிச் சண்டையிடுவது போலவே இருக்கும். பிறகு ஏதேனும் மாறினால் பழைய வரிகளைத் திருத்தாமல், கீழே புதிய தேதியிட்டு இன்னொரு வரியைச் சேர்த்துவிடலாம்.