கிளம்ப முடியாத விசைப்படகு: எஃப்எஃப்கிளிட்ச்சில் ஒரு சிறு ஸ்கிரிப்ட்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசியபடி கட்டிக்கிடக்கும். அப்பா அந்த நாள்களில் துறைமுகத்துக் கல்லில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். கிளம்பியும் கிளம்ப முடியாத ஒரு படகை வீடியோவில் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. எடிட்டிங் மென்பொருளில் இருக்கும், வீடியோ பழுதானதுபோல் காட்டும் கிளிட்ச் விளைவுகள் படத்தின்மேல் கறை பூசுகின்றனவே தவிர, அசைவைத் தொடுவதில்லை. எஃப்எஃப்கிளிட்ச் தொடும். வீடியோக்களை மாற்ற உதவும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட கருவி. அதற்கான ஸ்கிரிப்டை, அதாவது சிறு நிரலை, ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம்.

எம்பெக்-2 என்ற சுருக்கப்பட்ட வீடியோ வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. 16-க்கு 16 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றும் முந்தைய ஃபிரேமில் எங்கிருந்து வந்தது என்ற எண்களே பெரும்பாலும் இருக்கும். இவைதான் மோஷன் வெக்டர்கள். 1280-க்கு 720 அளவில் குறுக்காக 80, நெடுக்காக 45, மொத்தம் 3,600 கட்டங்கள். நம் ஸ்கிரிப்ட் கைவைப்பது இங்கேதான்.

கேமராவை அசையாமல் நிறுத்திப் படம் எடுங்கள். அதைக் கருவியோடு வரும் எஃப்எஃப்கேக் மூலம் எம்பெக்-2 ஆக்குங்கள். முழுப் படமாக வரும் ஐ-ஃபிரேம்களின் இடைவெளியை உச்சத்தில் வையுங்கள். காட்சி மாற்றத்தைக் கண்டறியும் அளவையும் அதேபோல் உச்சத்தில் வையுங்கள். முதல் முறை இதை விட்டுவிட்டேன். வழக்கமான இடைவெளி 12 ஃபிரேம் என்பதால், அரை நொடிக்கு ஒருமுறை படம் துலக்கிவைத்ததுபோல் சுத்தமாகிவிட்டது. ஓர் இரவு வேலை வீணானது.

ஸ்கிரிப்டில் இரண்டு ஃபங்ஷன்கள் போதும். ஒன்று, மோஷன் வெக்டர் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும். மற்றொன்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓடும். அதில் வரிசை வரிசையாகக் கட்டங்களைச் சுற்றிவந்து, முதல் எண்ணை, அதாவது கிடைமட்ட அசைவை, பூஜ்யமாக்குங்கள். வெக்டரே இல்லாத கட்டங்களும் உண்டு. அவற்றைச் சோதித்துத் தாண்டாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

இவ்வளவோடு விட்டால் தண்ணீர், காக்கை எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும். எம்பெக்-2 வெக்டரின் அலகு அரைப் பிக்சல். எனவே எண் 4-ஐத் தாண்டிய, அதாவது இரண்டு பிக்சலுக்கு மேல் நகர்ந்த கட்டங்களை மட்டும் தொடுங்கள். ஃபங்ஷனுக்கு வெளியே ஃபிரேம்களை எண்ணும் ஒரு மாறியை வைத்து, முதல் 50 ஃபிரேம்களை விட்டுவிடுங்கள். படகு இரண்டு நொடி இயல்பாகப் புறப்படும், பிறகு பிடிபடும். என் கிளிப்பில் முகப்பின் பச்சை வண்ணம் நின்ற இடத்திலேயே தேங்கி, அதன் விளிம்பு மட்டும் கீற்றுக் கீற்றாக வலப்பக்கம் கசிந்தது. அந்த நான்கு நொடிகளுக்காகத்தான் இத்தனையும்.

பூஜ்யமாக்காமல் எண்ணைக் கூட்ட நினைப்பவர்கள், வரம்பு மீறும் மதிப்புகளை வெட்டிக்கொள்ளும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் எம்பி4 ஆக மாற்றும்போது பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவை, தாராளமாக வையுங்கள். குறைத்தால் முதலில் அழிவது அந்தக் கீற்றுகள்தான்.