டிபிஐயை மாற்றினால் போட்டோ தெளிவாகிவிடாது

வீட்டு இங்க்ஜெட்டில் போட்டோ பிரிண்ட் போடுகிறவர்கள் பலர் முதலில் செய்வது, ஃபைல் ப்ராப்பர்ட்டீஸில் 72 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்) என்று பார்த்ததும் பதறிப்போய் அதை 300 ஆக்குவது. அந்த எண் ஃபைலோடு ஒட்டியிருக்கும் வெறும் குறிப்பு, அவ்வளவுதான். 4000×3000 பிக்சல் படத்தில் 72 என்று இருந்தாலும் 300 என்று இருந்தாலும் பிக்சல் அதே 1.2 கோடிதான். 4×6 அங்குலம் என்று பேப்பர் அளவைச் சொல்லி, படம் அதில் முழுதாகப் பொருந்தும்படி கொடுத்துவிட்டால் அந்தக் குறிப்புக்கு வேலையே இல்லை.

இன்னும் மோசம், ஃபோட்டோஷாப்பில் பிக்சல் எண்ணிக்கையையே மாற்றிவிடும் ‘ரீசாம்பிள்’ டிக்கை எடுக்காமலே 300 என்று அடிப்பது. 4000 பிக்சல் அகலம் 16,667 ஆகிவிடும், கம்ப்யூட்டர் திணறும், மோரில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று. படத்தின் நீளப் பக்கம் எத்தனை பிக்சல், அது பேப்பரில் எத்தனை அங்குலத்துக்கு வரப்போகிறது, வகுத்துப் பாருங்கள். 300 வந்தால் பிரமாதம், 200க்கு மேல் என்றாலும் கையில் வைத்துப் பார்க்க நன்றாகவே இருக்கும், 150க்குக் கீழே இறங்கினால் யோசிக்க வேண்டும். 4×6க்கு 1800×1200 போதும், ஏ4 முழுக்க என்றால் 3508×2480. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படமே இரண்டுக்கும் தாராளம், அதனால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள், படம் உங்களிடம் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கித்தான் வரும். 4×6ல் அது 266, பரவாயில்லை. அதையே ஃப்ரேம் போட ஏ4க்கு இழுத்தால் 137தான். தலைமுடி தனித்தனியாகத் தெரியாது, பட்டுப்புடவை ஜரிகை ஒரே மஞ்சள் பட்டையாகிவிடும், போதாததற்கு முகத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக, ஃபைலைச் சுருக்கியதால் வரும் ஜேபெக் அழுக்கு வேறு. எடுத்தவரிடமே கேட்டு, ‘டாக்குமெண்டா அனுப்புங்க’ என்று சொல்லி ஒரிஜினலை வாங்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து அடிப்பவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பிரிண்டர் பெட்டியில் 5760×1440 டிபிஐ என்று போட்டிருக்கிறதே, படமும் அந்த அளவுக்கு வேண்டுமா என்றால், வேண்டாம். அது மைத்துளிகளின் கணக்கு. படத்தின் ஒரு பிக்சல் நிறத்தைக் காட்டவே பல துளிகள் தேவைப்படும், ஆகவே படத்துக்கு 300, 360க்கு மேல் கொடுத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

ரெசல்யூஷன் சரியில்லை என்று வருகிற புகார்களில் நிறைய, பேப்பர் விவகாரம். க்ளாஸி பேப்பரை வைத்துவிட்டு செட்டிங்கில் ‘ப்ளெயின் பேப்பர்’ என்றே விட்டால் மையின் அளவே மாறிவிடும், கோடு கோடாக வரும், சில பிரிண்டர்கள் சாதாரணத் தாளுக்கான கறுப்பு மையை எடுத்துவிடுவதால் தொட்டால் விரலில் ஒட்டும். சாதாரணத் தாளில் அடித்தால் மை ஊறிப் பரவும், அங்கே எத்தனை பிக்சல் கொடுத்தும் பயனில்லை.

அப்புறம் வடிவம். பெரும்பாலும் போன் படம் 4:3, 4×6 பேப்பர் 3:2. ஓரமில்லாமல் அடித்தால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும், குரூப் போட்டோவில் பின்வரிசை உயரமானவரின் தலைதான் முதல் பலி. நீங்களே முன்கூட்டி 3:2க்கு க்ராப் செய்துகொள்ளுங்கள்.

ஏ4 க்ளாஸி விலை அதிகம், சந்தேகம் இருந்தால் முழுத்தாளை வீணடிக்காதீர்கள். மேலே சொன்ன 1600 பிக்சல் படம் என்றால் முகம் இருக்கும் இடத்தில் 822×548 பிக்சலை மட்டும் வெட்டி 4×6ல் அடியுங்கள். ஏ4ல் அந்த முகம் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு மங்கலாக இருக்குமோ அப்படியே தெரிந்துவிடும்.