அகல டயர் போடுவதற்கு முன்: உரசலும் ஸ்பீடோமீட்டர் கணக்கும்

என் பழைய ஸ்விஃப்டுக்கு டயர் மாற்றப் போனபோது கடைக்காரர், "ஏனுங்க, ஒரு சைஸ் ஏத்திப் போட்டுரலாங்களா? வண்டி கும்முன்னு நிக்கும்" என்றார். கணக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். அந்தக் கணக்குதான் இது.

என் டயர் 185/65 R15. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். குழப்புவது நடுவில் இருக்கும் 65தான். அது மில்லிமீட்டர் இல்லை. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம். அதனால் 65ஐத் தொடாமல் அகலத்தை மட்டும் ஏற்றினாலும் டயரின் உயரம் கூடவே ஏறும்.

185இல் 65 சதவீதம் 120.25. மேலும் கீழும் சேர்த்து 240.5. ரிம்மை மில்லிமீட்டருக்கு மாற்றினால் 15 × 25.4 = 381. மொத்த விட்டம் 621.5 மி.மீ.

இதே வழியில் 195/65 R15 என்றால் 634.5, 205/65 R15 என்றால் 647.5. அகலம் வேண்டும், உயரம் வேண்டாம் என்றால் 195/60 R15: 615. ஸ்விஃப்டின் கீழ் மாடலுக்குக் கம்பெனியே போட்ட 165/80 R14 எவ்வளவு தெரியுமா? 619.6. ரிம் வேறாக இருந்தும் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே.

மீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. 205/65 போட்டால் ஒரு சுற்றுக்கு 4.2 சதவீதம் கூடுதல் தூரம் போவோம். மீட்டர் 80 காட்டும்போது கணக்குப்படி ஓடுவது 83. ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும், மைலேஜ் விழுந்த மாதிரி தெரியும். விட்டம் இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறும் டயருக்கு நான் போகமாட்டேன்.

சரிபார்க்க ஃபோன் ஜிபிஎஸ் போதும். ஓபிடி கருவி (வண்டியின் கம்ப்யூட்டரில் செருகித் தகவல் படிப்பது) இதற்கு வேண்டாம்; அதுவும் வண்டியின் பழைய கணக்கையே திருப்பிச் சொல்லும். ஆனால் பழைய டயரிலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள். புது வண்டி மீட்டரே பொதுவாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அது எவ்வளவு என்று தெரியாமல் புது டயரைக் குறை சொல்ல முடியாது. அவிநாசி தாண்டிப் பெருந்துறைப் பக்கம் நேராக ஓடும் இடத்தில், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் உரசல். 205/65 போட்டால் டயர் மட்கார்டை நோக்கி 13 மி.மீ. நெருங்கும், அகலம் பக்கத்துக்கு 10 மி.மீ. கூடும். கடையில் ஜாக்கி ஏற்றிச் சுற்றிக் காட்டுவதை நம்பாதீர்கள், அப்போது சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். முன் டயர்களின் தோள்பட்டையில் (ஓடும் பரப்பும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில்) சாக்பீஸால் பட்டையாகத் தேய்த்து, ஐந்து பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தபடி வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். தரையே தொடாத இடத்தில் சாக்பீஸ் அழிந்திருந்தால் அங்கே உரசுகிறது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறும்போது தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

பின்சேர்க்கை: பழைய டயரை ஸ்டெப்னியாக வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டலாம். அதையே முன்பக்கம் மாட்டி ஊர் சுற்றாதீர்கள். இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும் குழம்பலாம்.