இடுப்பு எலும்பு முறிவு: புள்ளிவிவரத்தில் சறுக்கும் இடங்கள்

டென்மார்க்கில் ஆண்டுக்கு லட்சம் பெண்களில் 574 பேருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது என்றது 2012இல் வந்த உலகளாவிய தொகுப்பாய்வு. 2023இல் வெளியான 19 நாடுகளின் ஆய்வு, அதே டென்மார்க்குக்கு 315.9 என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பத்தே வருடத்தில் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்" என்று எழுதிவிடலாம். எழுதினால் தப்பு. முதல் எண் பெண்களுக்கு மட்டும். இரண்டாவது, 50 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலருக்கும் சேர்த்து. வயதைச் சரிக்கட்ட, அதாவது முதியோர் பங்கில் உள்ள வேறுபாட்டை நீக்கி ஒப்பிட, எடுத்துக்கொண்ட மாதிரி மக்கள்தொகையும் ஒன்றல்ல. டென்மார்க்கில் விகிதம் குறைந்துவருவது உண்மைதான். ஆனால் அதைக் காட்டுவது ஒரே முறையில் ஆண்டுதோறும் எடுத்த கணக்குதான், இரண்டு கட்டுரைகளிலிருந்து பொறுக்கிய இரண்டு எண்கள் அல்ல.

எந்த எண்ணைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியவை: யாருடைய எண், எந்த வயதிலிருந்து, எந்த ஆண்டுகளில், எதை வைத்துச் சரிக்கட்டியது. இந்த நான்கும் தெரியாத எண்ணை மேற்கோள் காட்டாமல் இருப்பதே நல்லது.

எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமலே எண்ணுவது

தொடை எலும்பின் மேல்முனை முறிவுதான் இங்கே கணக்கு. நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10 குறியீட்டில் கழுத்துப் பகுதி எஸ்72.0, கழுத்துக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் ட்ரொகாண்டர் பகுதி எஸ்72.1, அதற்குச் சற்றுக் கீழே எஸ்72.2. இடுப்பு வளையத்தின் முறிவு எஸ்32இல் வரும். அது இதில் சேராது. "பாட்டிக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு" என்று வீட்டில் சொல்வதை வைத்துக் களப்பணியாளர் டிக் போட்டால் இரண்டும் கலந்துவிடும். எக்ஸ்ரே அல்லது டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத்தான் பதிய வேண்டும்.

எஸ்72.2ஐச் சில ஆய்வுகள் சேர்க்கின்றன, சில விட்டுவிடுகின்றன. எதுவானாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எலும்பு அடர்த்திக்காக பிஸ்பாஸ்பொனேட் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு அரிதாக வரும் ‘வழக்கமல்லாத’ முறிவு பெரும்பாலும் அந்தப் பகுதியிலோ அதற்குக் கீழேயோதான் விழும். பல வாரமாகத் தொடையில் மந்தமான வலி, பிறகு பெரிய அடி எதுவும் இல்லாமலே முறிவு என்றால் அதைப் பட்டியலில் தனிப் பத்தியில் வையுங்கள்.

புற்றுநோய் பரவி முறிந்ததையும் சாலை விபத்தில் முறிந்ததையும் பிரித்துவிட வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் இங்கேதான் சிக்கல். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் "தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்ற ஒற்றை வரிக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. குளியலறையிலா, மாடிப்படியிலா, மகனின் பைக் பின்சீட்டிலிருந்தா என்பது தெரியாது. நின்ற உயரத்திலிருந்தோ அதற்குக் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்தாரா என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கையின்போதே கேட்டுப் பதிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பதில் மாறியிருக்கும்.

ஒரே முறிவை மூன்று முறை எண்ணுவது

தாலுகா மருத்துவமனையில் எக்ஸ்ரே, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி. மூன்று இடத்திலும் எஸ்72 பதிவாகும். போட்ட திருகு நகர்ந்து ஆறு மாதத்தில் மறுபடி அறுவைக்கு வந்தால் நான்காவது. சேர்க்கைகளை எண்ணினால் நான்கு, முறிவுகளை எண்ணினால் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் இடது, வலது என்ற விவரமே கிடையாது. எனவே குறியீட்டை மட்டும் நம்பி ‘இது இரண்டாவது முறிவு’ என்று சொல்ல வழியில்லை. பக்கத்தைத் தனியே பதிந்து, ஒரே நபரின் அடுத்த சேர்க்கை மறுகாலாக இருந்தால் மட்டும் புதிதாக எண்ணுவது பத்திரமான வழி.

விட்டுப்போவதும் உண்டு. ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டிலேயே படுக்கவைத்தவர்கள், புத்தூர் கட்டுக்குப் போனவர்கள், மருத்துவமனைக்கு வருமுன் இறந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காப்பீட்டுத் திட்டக் கோரிக்கைகளை வைத்துக் கணக்கிட்டால் அறுவை செய்துகொண்டவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். 2012 தொகுப்பாய்வில் நைஜீரியப் பெண்களுக்கு லட்சத்துக்கு 2 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அங்குள்ள எலும்பின் வலிமையைப் பற்றி எழுத உட்காருமுன், மருத்துவமனைக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

வயதைச் சரிசெய்யாமல் ஒப்பிடுவது

இருக்கும் தவறுகளில் இதுதான் பெரிது. ஐம்பதைத் தாண்டியபின் இடுப்பு முறிவு விகிதம் ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிக்கிறது. அதனால் மக்கள்தொகையில் முதியோர் பங்கு சற்று மாறினாலும் மொத்த எண் எகிறும்.

கணக்குக்காக இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 50 வயதுக்கு மேல் ஒரு லட்சம் பேர். இரண்டிலும் வயதுவாரி விகிதம் ஒன்றே: 50–64க்கு லட்சத்துக்கு 30, 65–79க்கு 200, 80க்கு மேல் 1,200. முதல் மாவட்டத்தில் இந்த வயதுக்காரர்கள் முறையே 70,000, 27,000, 3,000. முறிவுகள் 21 + 54 + 36, ஆக 111. இரண்டாவதில் 60,000, 30,000, 10,000. முறிவுகள் 18 + 60 + 120, ஆக 198. எந்த வயதிலும் ஆபத்தில் துளி வித்தியாசம் இல்லை, ஆனால் மொத்த எண் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டு மாவட்டத்தின் விகிதங்களையும் ஒரே மாதிரி மக்கள்தொகையில் பொருத்தினால் ஒரே விடை வரும். வயதைச் சரிக்கட்டுவது என்பது இவ்வளவுதான்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் மாவட்டத்தில் முறிவு நேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 80 வயதுக்கு உட்பட்டவர்கள். இரண்டாவதில் பத்தில் நான்கு பேர்தான். "நம்மவர்களுக்கு வெளிநாட்டினரை விடப் பத்து வருடம் முன்பே இடுப்பு முறிகிறது" என்று மேடைதோறும் கேட்கிறோமே, அதற்குச் சான்றாக நோயாளிகளின் சராசரி வயதைக் காட்டுவது செல்லாது. எண்பதைத் தாண்டியவர்கள் குறைவாக உள்ள ஊரில் நோயாளிகளின் சராசரி வயது குறைவாகத்தான் இருக்கும். வயதுவாரி விகிதத்தைக் காட்டினால் மட்டுமே அந்த வாதம் நிற்கும்.

வயதுப் பதிவே கோணலாக இருந்தால் இதுவும் உதவாது. 60, 65, 70 என்று முழு எண்ணாகச் சொல்வது நம் வழக்கம். ஆதாரிலும் ஜனவரி 1 பிறந்தநாள்காரர்கள் ஏராளம். ஐந்து வருடப் பிரிவுகளுக்குப் பதில் பத்து வருடப் பிரிவுகள் வைத்தால் சேதம் கொஞ்சம் குறையும்.

ஒரு மாவட்ட எண்ணை நாட்டோடு பெருக்குவது

இந்தியாவில் மாவட்ட அளவில் முறையாக எண்ணிய ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஹரியானாவின் ரோத்தக். 2009இல் 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 129. பெண்கள் 159, ஆண்கள் 105. மதிப்புள்ள வேலை. ஆனால் உணவும் உடலுழைப்பும் வேறான தென்மாவட்டத்துக்கு அப்படியே பொருத்துவதும், நாட்டின் மொத்த மக்கள்தொகையோடு பெருக்கி ‘ஆண்டுக்கு இத்தனை லட்சம்’ என்று தலைப்புப் போடுவதும் அந்த ஆய்வு தாங்காத சுமை. பெருக்குபவர்கள் சிலர் 50 வயது வரம்பையே மறந்துவிடுகிறார்கள். குழந்தைகளும் கணக்கில் ஏறிவிடுகிறார்கள்!

விகிதம் காண எதால் வகுக்கிறோமோ அந்த மக்கள்தொகைக்கும் நல்ல எண் வேண்டும். நம்மிடம் முடிந்திருக்கும் கடைசிக் கணக்கெடுப்பு 2011இனுடையது. 2021இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. 2011 மக்கள்தொகையை வைத்து இன்றைய முறிவுகளை வகுத்தால் முதியோர் தொகை குறைவாகவும் விகிதம் கூடுதலாகவும் வரும். எந்த மதிப்பீட்டை எடுத்தோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

விகிதம் காலத்தோடும் நகரும். சிங்கப்பூரில் 1991–98இல் லட்சத்துக்குப் பெண்கள் 402, ஆண்கள் 152. 1960களை விடப் பெண்களில் 5 மடங்கு, ஆண்களில் 1.5 மடங்கு. பழைய எண்ணை ‘ஆசியர்களின் விகிதம்’ என்று நிரந்தரமாக எழுதிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு பக்கம், மேலே சொன்ன 19 நாடுகளில் பெரும்பாலானவற்றில் விகிதம் இறங்குகிறது. இருந்தும் 2018க்கும் 2050க்கும் இடையில் மொத்த முறிவுகள் கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்கிறது அதே ஆய்வு. முதியவர்கள் கூடுவதால் இரண்டும் ஒருசேர நடக்கும், முரண் இல்லை.

இறப்பு விகிதத்தைத் தப்பாகப் படிப்பது

ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் சிங்கப்பூரில் 14.4%, பிரிட்டனில் 28.3%. இதைச் சிகிச்சையின் தரப் பட்டியலாகப் படிக்கக் கூடாது. நோயாளிகளின் வயது, மற்ற நோய்கள், எந்தப் பதிவேட்டில் இறப்பு தேடப்பட்டது என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. மருத்துவமனைக்குள் நிகழ்ந்த இறப்பை மட்டும் காட்டுவது இன்னும் மோசம். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் அது தானாகவே குறையும். முதல் மூன்று மாதத்தில்தான் இறப்பு ஆபத்து ஐந்து முதல் எட்டு மடங்காக உயர்கிறது. அதனால் 30, 90, 365ஆம் நாள் என்று எண்ணுங்கள். போனில் கிடைக்காதவரை ‘உயிரோடு’ பத்தியில் போடாதீர்கள். ஆண்களைத் தனியே காட்டுங்கள், அவர்களில் இறப்பு அதிகம்.

காரணத்தில் அவசரம்

பால் அதிகம் குடிக்கும் நாடுகளில் முறிவு அதிகம், ஆகவே பால் எலும்பைக் கெடுக்கிறது என்பது நாடுகளின் சராசரியைத் தனிமனிதர் தலையில் கட்டுவது. ஆயுள், உயரம், நடமாட்டம், பதிவின் ஒழுங்கு எல்லாமே அந்த நாடுகளில் வேறு. நார்வேயில் விகிதம் அதிகமாக இருப்பதற்குப் பனியில் வழுக்கி விழுவதுதான் காரணம் என்று முடித்துவிடுவதும் இதே வகை. முதியோரின் இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள்தான் நடக்கின்றன.

எலும்பு அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர், எலும்புத் தேய்வுக்கான எல்லையான −2.5க்குக் கீழே போகாதவர் தப்பித்தார் என்பதும் தவறு. ரோட்டர்டாம் ஆய்வில், முதுகெலும்பு அல்லாத முறிவு நேர்ந்த பெண்களில் 44% பேர்தான் அந்த எல்லைக்குக் கீழே இருந்தார்கள், ஆண்களில் 21%. இடுப்பு முறிவில் இந்தப் பங்கு கூடுதல், ஆனாலும் எல்லோரும் அல்ல. இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுவதால் வருபவை. அடர்த்தியை மட்டும் அளந்து, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தார், தூக்க மாத்திரை எடுக்கிறாரா, கண்புரை இருக்கிறதா என்று கேட்காத படிவத்தில் பாதிக் காரணம் விட்டுப்போகும்.