டிரம் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது

கொசு என்றாலே நமக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வரும். வாசலில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பவர்கள்கூட ஒரு தவறு செய்கிறார்கள். டிரம்மில் புழு நெளிவதைப் பார்த்ததும் தண்ணீரைக் கொட்டி, ஒரு அலசு அலசி, மறுபடி நிரப்பிவிடுகிறார்கள். புழு போய்விடும், சரி. முட்டை? அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகுப் பொடி மாதிரி கறுப்பாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். டிரம் காய்ந்து கிடந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். அதனால் தேங்காய் நாரோ பிரஷோ எடுத்து, தண்ணீர்க் கோடு படிந்த இடத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் இதற்கென்று வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் மூடி. பலகையைச் சாய்த்து வைப்பது மூடியதாகாது, விரல் நுழையும் இடைவெளியில் கொசு தாராளமாக நுழையும். பழைய வேட்டியை விரித்து, தொய்வில்லாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கீழே, தண்ணீர் சேரும் தட்டு ஒன்று இருக்கும். கடைசியாக அதை எப்போது கழுவினீர்கள்? மணி பிளான்ட் பாட்டில், மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி, வெளியே போட்ட ஆட்டுக்கல்லின் குழி, எல்லாவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

ராத்திரி மட்டும் வலை கட்டுவதும் போதாது. இந்தக் கொசு பகலில் கடிப்பது. மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால் உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவு அதிகமாகலாம். டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று இருந்துவிடவும் கூடாது. டெங்குவில் பயப்பட வேண்டியதே அடுத்த ஒன்றிரண்டு நாள்தான். வயிறு கடுமையாக வலித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ஆள் துவண்டு போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.