பகோடாவைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானின் நாரா அருகே ஹோர்யூஜி பௌத்தக் கோயிலில் உள்ள ஐந்தடுக்கு மரப் பகோடா (அடுக்குக் கூரைக் கோபுரம்) 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அதைப் பார்த்ததும் பலருக்கு வரும் முதல் எண்ணம், 'மரத்தில் கட்டினால் நிலநடுக்கம் ஒன்றும் செய்யாது' என்பது. இதைவிட ஆபத்தான தவறு இல்லை. 1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நகரம் குலுங்கியபோது 6,400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இடிந்த பழைய மர வீடுகளுக்கு அடியில் சிக்கியவர்கள். மேலே களிமண் பரப்பிப் பதித்த கனமான ஓடு, கீழே போதிய சுவரில்லாத அறைகள், கறையான் அரித்த அடிக்கட்டைகள். பகோடாவின் கூரையும் கனம்தான். ஆனால் அதை ஏந்தும் மரக்கட்டுகள் அடுக்கடுக்காகக் கோத்தவை. ஆடும்போது ஒன்றோடொன்று உரசியே அதிர்வைத் தின்றுவிடும். காப்பாற்றுவது அந்த இணைப்புகள்தான்.

அடுத்தது நடுத்தூண். ஜப்பானியர் அதை ஷின்பஷிரா என்பார்கள். பகோடாவையே தாங்கிப் பிடிப்பது அதுதான் என்று நினைத்து, புதுக் கட்டடத்தின் நடுவே அழகுக்கு ஒரு தூண் நட்டுவிட்டு 'ஜப்பானிய முறை' என்கிறார்கள். அந்தத் தூண் தளங்களைத் தாங்குவதே இல்லை. உச்சிக் கலசத்தை மட்டும் சுமக்கிறது. ஜப்பானின் நிக்கோ நகரில் 1818-ல் திரும்பக் கட்டிய பகோடாவில் தூணைச் சங்கிலியில் தொங்கவே விட்டிருக்கிறார்கள். அடிப்பகுதி தரையைத் தொடாமல் சுமார் 10 சென்டிமீட்டர் மேலே நிற்கும். நிலநடுக்கத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பது பற்றிப் பொறியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

சரி, தளங்களோடு ஒட்டாமல் தனியே நிற்கும் தூண் என்ற அந்த யோசனையை எப்படி எடுத்தாள்வது? 634 மீட்டர் உயர டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தைப் பாருங்கள். நடுவே 375 மீட்டருக்கு ஒரு கான்கிரீட் உருளை, உள்ளே படிக்கட்டு. 125 மீட்டர் வரை அது எஃகுக் கோபுரத்தோடு இறுகப் பிணைந்தது. அதற்கு மேல் இரண்டுக்கும் நடுவில் ஆயில் டேம்பர்கள், அதாவது அதிர்வை உறிஞ்சும் எண்ணெய்க் கருவிகள். கோபுரம் ஒரு கதியில் ஆடும், உருளை வேறு கதியில் ஆடும். ஒன்றின் ஆட்டத்தை மற்றது குறைத்துவிடும்.

நிலத்தின் குலுக்கல் மேலே ஏறாமலிருக்க ரப்பர் தாங்கிகள் மேல் நிறுத்திய கட்டடங்களில் நடக்கும் தவறு வேறு. சுற்றிலும் அகழிபோல் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். கட்டடம் பக்கவாட்டில் நகர அது வேண்டும். இடம் வீணாகிறதே என்று அங்கே பூந்தொட்டி வைப்பதும், சைக்கிள் நிறுத்துவதும், குழாய்களை வளையாதபடி இறுக்கிப் பொருத்துவதும் போட்ட செலவை எல்லாம் வீணாக்கிவிடும்.

அப்புறம், நின்றுவிட்ட கட்டடத்தை நம்பி உடனே உள்ளே போவது. ஜப்பானின் 1981 கட்டட விதிகளே பெரிய நிலநடுக்கத்தில் உயிரைக் காப்பதைத்தான் குறிவைக்கின்றன. விரிசலே விழாது என்று சொல்லவில்லை. 2016 ஏப்ரல் 14 இரவு குமமோட்டோவில் முதல் அதிர்வைத் தாங்கிய வீடுகள் சில, 16-ஆம் தேதி அதிகாலை வந்த அதைவிடப் பெரிய அதிர்வில் சரிந்தன. வீடு திரும்பிப் படுத்தவர்களும் அதில் இறந்தார்கள். ஜப்பானில் பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு சோதனை செய்பவர்கள் வாசலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போவார்கள். பச்சை வரும்வரை வெளியே இருங்கள்.