கேம் கஷ்டமா, பிழையா, ஆழமா? டாக்டிக்ஸ், ஆர்பிஜி கேம்களை எடைபோடும் வழி

இங்கே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கேம் ஆடும் தம்பிகள் என்னிடம் கொண்டுவரும் புகார் அநேகமாக ஒன்றுதான்: “இந்தக் கேம் ஏமாத்துதுண்ணே.” தீபாவளிக்கு உறையில் கிடைக்கும் அங்பாக் காசைச் சேர்த்து வைத்து ஒரு கேம் வாங்குகிற பிள்ளைக்கு அது உண்மையிலேயே ஏமாற்றுகிறதா, தன் ஆட்டம்தான் சரியில்லையா என்று தெரிந்தாக வேண்டும். படையை முறை வைத்து நகர்த்தும் டாக்டிக்ஸ் கேம்களுக்கும், பாத்திரத்தை வளர்த்து ஆடும் ஆர்பிஜி கேம்களுக்கும் நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் பிழை, அப்புறம் அதிர்ஷ்டம், அப்புறம் கஷ்டம், கடைசியில் ஆழம்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு 1994-இல் வந்த முதல் எக்ஸ்-காம் என்ற டாக்டிக்ஸ் கேம் நல்ல சாட்சி. பழைய டாஸ் கணினிகளுக்கான அதன் பதிப்பில் எந்தக் கடின நிலையைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் சண்டை முடிந்ததும் கேம் அதைச் சத்தமில்லாமல் மிக எளிய நிலைக்கு இறக்கிவிடும். ஆடியவர்களுக்கு அது தெரியாது. உச்ச நிலையிலேயே ஆடுகிறோம் என்று நம்பியவர்கள், கேம் ரொம்பச் சுலபம் என்று குறை சொன்னார்கள். அதனால் 1995-இல் வந்த அடுத்த பாகத்தை மிகக் கடுமையாக்கிவிட்டார்கள். பிழையைப் பார்க்காமல் கஷ்டத்தை அளந்ததால் வந்த வினை.

முறை வைத்து ஆடுவது, சேவ் செய்வது, லெவல் ஏறுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதல் படி: பிழை

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மெனுவைத் திறந்து வைத்துவிட்டு நாஸி லெமாக் வாங்கப் போனாலும் அந்த நேரமும் சேரும். அதனால் பாத்திரத்தின் மூக்கையும் முடியையும் செதுக்குவதை அப்புறம் பார்க்கலாம். ஏதாவது ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து நேரே சண்டைக்குப் போங்கள்.

ஒரு சண்டை முடிந்ததும் சேவ் செய்து, கேமை முழுதாக மூடி, மறுபடி திறந்து லோட் செய்யுங்கள். உயிர்ப்புள்ளி, பையிலுள்ள பொருள், தேர்ந்தெடுத்த கடின நிலை எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, ஒரு திறன் என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறதோ அதைச் செய்கிறதா என்று எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

கேம் உறைந்து நிற்பதை யாரும் கவனித்துவிடுவார்கள். ஆபத்தானவை பேசாமல் இருக்கும் பிழைகள். ஃபைனல் ஃபேன்டஸி 6-இன் 1994 பதிப்பில் அடியிலிருந்து விலகும் திறனுக்கென்று ஓர் எண் உண்டு. அது வேலையே செய்யவில்லை. மாய அடியைத் தடுக்கும் எண்தான் சாதாரண அடி, மாய அடி இரண்டுக்கும் கணக்கில் வந்தது. முதல் தலைமுறை போக்கிமானில் ‘ஃபோக்கஸ் எனர்ஜி’ போட்டால் பலத்த அடி விழும் வாய்ப்பு கூட வேண்டும், ஆனால் குறைந்தது. இப்படி ஒன்றை நம்பி அணியைக் கட்டியவர் தோற்றால் அதைக் கேமின் கஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் படி: அதிர்ஷ்டம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆரம்பத்தில் என் காலையும் தடுக்கிய இடம் இதுதான்.

90 சதவீதம் என்று காட்டுகிறது. சுடுகிறீர்கள். குறி தவறுகிறது. லோட் செய்து மறுபடி சுடுகிறீர்கள். அதே தவறல். இன்னொரு முறையும் அதே. கேம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது என்று தோன்றும். ஒரு வகையில் அது சரி. 2012-இல் வந்த எக்ஸ்காம், அடுத்து வரப்போகும் தற்செயல் எண்களின் வரிசையையும் சேவ் கோப்போடு சேர்த்தே வைத்துக்கொள்கிறது. அதே ஆள் அதே வேலையை முதலில் செய்தால் அதே எண்தான் கிடைக்கும். லோட் செய்து தப்பிப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. பிழையும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

சோதிப்பது இப்படி: லோட் செய்யுங்கள். இந்த முறை முதலில் வேறொருவரைச் சுட வையுங்கள், அப்புறம் பழைய ஆளுக்கு வாருங்கள். முடிவு மாறினால் எண் வரிசை சேமிக்கப்படுகிறது என்று அர்த்தம். அந்த மாதிரிக் கேமில், லோட் செய்து பார்த்த முடிவுகளை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது.

சரி, பிறகு எதை வைத்துச் சொல்வது? ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு, தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதுவது போல ஒன்று விடாமல் எழுதுங்கள். காட்டிய சதவீதம் ஒரு பக்கம், பட்டதா இல்லையா மறுபக்கம். சதவீதங்களைக் கூட்டி நூறால் வகுத்தால் எத்தனை பட்டிருக்க வேண்டும் என்று வரும். 70 சதவீதத்தில் 50 முறை சுட்டால் 35 பட வேண்டும். 29-இலிருந்து 41-க்குள் வந்தால் அது சாதாரணம். பத்துப் பதினைந்து சூட்டை வைத்துக்கொண்டு கோபப்பட வேண்டாம். 90 சதவீதச் சூடு பத்தும் பத்தாகப் படும் வாய்ப்பு வெறும் 35 சதவீதம்தான்.

இந்த எழுத்து வேலை பிடிக்காதவர்களுக்கு என் முதல் பரிந்துரை ‘பேட்டில் ஃபார் வெஸ்னோத்’ என்ற டாக்டிக்ஸ் கேம். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும், எதிர்பார்த்த சேதம் எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று புள்ளிவிவரப் பக்கத்தில் அதுவே காட்டிவிடும். காசு கொடுத்து வாங்கும் பல கேம்களில்கூட இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை. ஆரம்பிப்பவர்கள் வேறெதையும் தொடாமல் இதில் ஆரம்பிக்க வேண்டும் என்பேன்.

பிறகு சேர்த்தது: ஃபயர் எம்ப்ளம் என்ற டாக்டிக்ஸ் தொடரை ஆடும் ஒரு தங்கை, 75 காட்டினால் அதைவிட அதிகமாகவே படுகிறது, நோட்டுக் கணக்கு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார். அவர் எழுதியது சரி. அந்தத் தொடரில் 2002-இலிருந்து பல ஆண்டுகள் இரண்டு எண்களை உருட்டி அவற்றின் சராசரியை எடுத்தார்கள். அதனால் 75 என்பது உண்மையில் ஏறக்குறைய 88, 90 என்பது 98. அந்தப் பக்கம் 25 என்பது 13-க்கும் கீழே. எக்ஸ்காம் 2-இலும் எளிய நிலைகளில் உங்கள் பக்கம் மறைவாக உதவி உண்டு. பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜியில், பகடை தொடர்ந்து ஒரே பக்கம் விழாமல் சரிக்கட்டும் ‘கார்மிக் டைஸ்’ என்று ஒன்று தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். நோட்டு எழுதுவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கஷ்டம்

தோற்ற உடனே, ஏன் தோற்றேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “கடைசி ஆளை இருட்டுக்குள் ஓடவிட்டேன், புதுக் கூட்டம் விழித்துக்கொண்டது” என்று வந்தால் நியாயமான கஷ்டம். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். “லெவல் போதவில்லை” என்று மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் கேம் உங்கள் மூளையைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்கிறது.

உயர்ந்த நிலைக்கு மாற்றிப் பார்ப்பதும் உதவும். எதிரியின் உயிர்ப்புள்ளி மட்டும் ஊதிப் பெருத்தால் எனக்குப் பிடிக்காது. பால்டர்ஸ் கேட் 3-இன் ‘ஹானர் மோட்’ பெரிய எதிரிகளுக்குப் புதிய செயல்களையே கொடுக்கிறது. பழைய திட்டம் செல்லாது. இதுதான் உழைத்துச் செய்த கஷ்டம்.

ஆனால் அந்த மோடிலும் எக்ஸ்காமின் ‘அயர்ன்மேன்’ மோடிலும் ஒரே ஒரு சேவ்தான். நம் பேராக் பக்கத்தில் பின்நேர மழை இடியோடு வரும், கரண்டும் போகும். பேட்டரி இல்லாத கணினியில் ஆடுபவர்கள் இவற்றை எடுக்க வேண்டாம். கேம் சேவ் செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு கெட்டுவிடலாம். அதைத் தோல்விக் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

நான்காம் படி: ஆழம்

தோற்ற அதே மிஷனை வேறு திட்டத்தோடு ஆடுங்கள். வென்ற பிறகு மூன்றாவதாக இன்னொரு திட்டம். மூன்றில் குறைந்தது இரண்டு திட்டங்கள் வேலை செய்தால் ஆழம் இருக்கிறது. ஒரே வழிதான் செல்லும் என்றால் இருநூறு திறன்கள் இருந்தும் பயனில்லை.

2018-இல் வந்த ‘இன்டு த பிரீச்’ எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்கள் பக்கம் மூன்று இயந்திரம், அவ்வளவுதான். எதிரி எங்கே அடிக்கப் போகிறான் என்றும் முன்கூட்டியே காட்டிவிடும். அவனை ஒரு கட்டம் தள்ளினால் அவன் அடி அவன் கூட்டாளி மேலேயே விழும். அந்தத் தள்ளுதலிலிருந்தே எத்தனை வழிகள் பிறக்கின்றன! வெஸ்னோத்திலும் அப்படித்தான். சில படைகளுக்குப் பகலில் 25 சதவீதம் பலம் கூடும், இரவில் அதே அளவு குறையும், வேறு சிலவற்றுக்கு நேர்மாறு. எப்போது முன்னேறுவது, பொழுது சாயும்போது எந்த ஊருக்குள் ஒதுங்குவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 என்ற ஆர்பிஜி பலருக்கு உயிர். எனக்கும் அதன் உலகம் பிடிக்கும். ஆனால் உடல் கவசம், மாயக் கவசம் என்று இரண்டு வைத்து, ஒன்றை உடைத்தால்தான் அந்த வகைத் தந்திரங்கள் பலிக்கும் என்று ஆக்கியதால், நான்கு பேரும் ஒரே வகையில் அடிப்பதே லாபமாகிவிடுகிறது. அந்த இடத்தில் ஆழம் குறைகிறது என்பது என் தீர்ப்பு.

கடைசியாக ஒன்று. தீர்ப்பை எழுதும்போது கேமின் பதிப்பு எண்ணையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ‘பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்’ என்ற ஆர்பிஜி 2018-இல் வந்தபோது பிழைகள் மலிந்திருந்தன. பிறகு பிழைகளைத் திருத்தும் பேட்ச் மேல் பேட்ச் வந்தது, 2020-இல் முறை வைத்து ஆடும் வசதியே சேர்ந்தது. முதல் வாரத்து விமர்சனத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு அதை ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.